“இன்னாபா, சவுண்டே வர்ல”: லைவ் கச்சேரியில் கோளாறு பிடிக்கும் வழி

லைவ் கோடிங் (கேட்பவர் முன்னாலேயே கோட் எழுதி இசை உண்டாக்குவது), ட்ரோன் (நீண்டு ஒலிக்கும் ஓசை), ஆம்பியன்ட் (சூழல் இசை), மாடுலர் சின்த் (கேபிள் போட்டு இணைத்து வாசிக்கும் மின்னணுக் கருவி) என்று சின்ன வட்டத்துக்குள் வாசிக்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று ஆளுக்கொரு மொட்டைமாடி அறையிலிருந்து அனுப்புகிறோம். கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது பேர், முப்பது பேர். ஆனால் அந்த முப்பது பேரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுதாகக் கேட்கிறவர்கள். ஓர் ஓசை நான்கு நிமிடத்தில் மெல்ல நிறம் மாறுவதைக் கவனிக்கிறவர்கள். அவர்களுக்குச் சேதமில்லாமல் ஒலி போய்ச் சேரவேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

கீழே உள்ள எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நம் இசையில் ஒலிதான் கச்சேரி. படம் நின்றால் பரவாயில்லை, மங்கினால் பரவாயில்லை, இல்லாமலே போனாலும் பரவாயில்லை. எதையாவது விட்டுக்கொடுக்க நேர்ந்தால் முதலில் படத்தை விடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

லைவில் யாராவது “சவுண்ட் சரியில்ல” என்று சாட்டில் எழுதியதும் கை தானாக ஏதாவது ஒரு பட்டனைத் திருகப் போகும். வேண்டாம். ஒலி உங்களிடமிருந்து கேட்பவர் காதுவரை போகும் பாதையை மனதில் ஓட்டுங்கள்: கருவி அல்லது மென்பொருள், ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுவரும் பெட்டி), ஓபிஎஸ் (படத்தையும் ஒலியையும் சேர்த்து லைவில் அனுப்பும் மென்பொருள்), என்கோடர் (அவற்றைச் சுருக்கும் பகுதி), வீட்டு இணையம், தூரத்து சர்வர், கேட்பவரின் ஃபோன். எந்தக் கணுவில் கெட்டது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதைக் கண்டுபிடிக்க ஒரே கருவி, உங்கள் கணினியிலேயே ஓடும் பதிவு. ஓபிஎஸ்ஸில் ஸ்ட்ரீம் தொடங்கும்போதே ரெக்கார்டிங்கையும் தொடங்கிவிடுங்கள். பதிவில் ஒலி நன்றாக இருந்து லைவில் கெட்டிருந்தால் கோளாறு பெரும்பாலும் என்கோடருக்கு அப்புறம், அதாவது இணையத்திலோ சர்வரிலோ கேட்பவர் பக்கத்திலோ. பதிவிலேயே கெட்டிருந்தால் கோளாறு உங்கள் மேசை மேல் இருக்கிறது. இந்த ஒரு சோதனை செய்யாமல் ரவுட்டரை அணைத்துப் போடுவதில் அர்த்தமே இல்லை.

பதிவு எம்கேவி வடிவத்தில் இருக்கட்டும். சாதாரண எம்பி4 கோப்பு சரியாக மூடப்படாவிட்டால் திறக்கவே திறக்காது. நடுவில் கரன்ட் போனால் முழுக் கச்சேரியும் போய்விடும். எம்கேவியில் கரன்ட் போன நொடிவரை மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் வழியாக எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது.

“ஹெட்போன்ல கேக்குது, லைவ்ல ஒண்ணுமே கேக்கல”

முதலில் ஓபிஎஸ்ஸின் ஆடியோ மீட்டரைப் பாருங்கள். மீட்டர் அசையவே இல்லையென்றால் ஒலி ஓபிஎஸ்ஸுக்கு வந்து சேரவில்லை. விண்டோஸில் இதற்கு வழக்கமான காரணம் ஏஎஸ்ஐஓ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர்). ஏபிள்டன், சூப்பர்கொலைடர் போன்ற இசை மென்பொருள் ஏஎஸ்ஐஓ வழியாக நேரே இன்டர்ஃபேஸுடன் பேசும்போது விண்டோஸின் பொது மிக்ஸரைத் தாண்டிப் போய்விடுகிறது. ஓபிஎஸ்ஸின் டெஸ்க்டாப் ஆடியோ அந்த மிக்ஸரில்தான் காது வைத்திருக்கிறது, அதனால் அதற்கு எதுவும் கேட்காது. இன்டர்ஃபேஸில் லூப்பேக் (வெளியே போகும் ஒலியைத் திரும்ப உள்ளே தரும்) வசதி இருந்தால் அதை ஆன் செய்து, அந்த லூப்பேக்கை ஓபிஎஸ்ஸில் ஆடியோ இன்புட்டாகச் சேருங்கள். இல்லையென்றால் விபி கேபிள் போன்ற மெய்நிகர் கேபிள் போடலாம். இசை மென்பொருளை ஏஎஸ்ஐஓவிலிருந்து சாதாரண விண்டோஸ் டிரைவருக்கு மாற்றினாலும் நடக்கும், தாமதம் மட்டும் கூடும். மேக்கில் பிளாக்ஹோல், லினக்ஸில் ஜாக் அல்லது பைப்வயர் இதே வேலையைச் செய்யும்.

மீட்டர் அசைகிறது, பதிவிலும் கேட்கிறது, லைவில் மட்டும் இல்லை என்றால் ட்ராக் எண்ணைப் பாருங்கள். அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் ஒவ்வொரு ஒலிமூலத்துக்கும் எதிரே 1 முதல் 6 வரை கட்டங்கள் இருக்கும். லைவுக்குப் போவது பொதுவாக 1ஆம் ட்ராக். அதில் டிக் போய் 2இல் மட்டும் இருந்தால், ரெக்கார்டிங்கில் ஒலி இருந்தாலும் உலகத்துக்கு நீங்கள் ஊமைப்படம் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

மாறாக, ஒலி இரண்டு முறை விழுந்தால், அல்லது குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் வெறுமையாகக் கேட்டால், ஒரே ஒலி இரண்டு வழியாக உள்ளே வருகிறது. டெஸ்க்டாப் ஆடியோவும் ஓடும், இன்டர்ஃபேஸும் ஓடும், லேப்டாப் மைக்கும் மறந்துபோய் ஆனில் இருக்கும். ஒன்றை விட்டு மற்றதை மியூட் செய்யுங்கள். மைக்கைக் கட்டாயம் அணையுங்கள். ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற ஊர் நம்முடையது. லைன் வழியாக மட்டும் ஒலி போனால் ஜன்னலைத் திறந்து வைத்தே வாசிக்கலாம்.

“ஃபோன்ல கேக்கல, ஹெட்செட் போட்டா கேக்குது”

இந்தக் குறியை நிறைய பேர் கேட்பவர் பக்கத்துக் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு நம் கேபிளில்.

மிக்ஸரின் பேலன்ஸ்டு அவுட்டிலிருந்து மூன்று பகுதி கொண்ட டிஆர்எஸ் கேபிளை எடுத்து, லேப்டாப்பின் அல்லது கையடக்க ரெக்கார்டரின் ஸ்டீரியோ இன்புட்டில் சொருகியிருப்பீர்கள். பேலன்ஸ்டு கேபிளில் ஒரு கம்பியில் ஒலி நேராகவும் இன்னொரு கம்பியில் தலைகீழாகவும் போகும். ஸ்டீரியோ இன்புட் அதை இடது, வலது என்று எடுத்துக்கொள்ளும். ஹெட்போனில் இரண்டு காதிலும் சத்தம் வரும், ஏதோ தலைக்குள் குடைவதுபோல் இருக்கும், ஆனாலும் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள ஃபோனில் இடதும் வலதும் கூடும்போது நேரும் தலைகீழும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது மௌனம்.

சோதிக்க வழி: ஓபிஎஸ்ஸில் அந்த ஒலிமூலத்துக்கு மோனோ டிக் போட்டுப் பாருங்கள். மீட்டர் சட்டென விழுந்தால் இதுதான் காரணம். மிக்ஸரின் இடது, வலது இரண்டு அவுட்டிலிருந்தும் தனித்தனி டிஎஸ் (இரண்டு பகுதி கொண்ட) கேபிள் எடுத்து, முடிவில் ஒரு ஸ்டீரியோ முனையாகச் சேரும் ஒய் கேபிள் வாங்குங்கள். பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ கிடைக்கும். கடையில் ‘ஸ்டீரியோ டு டூ மோனோ’ என்று கேளுங்கள்.

மௌனம் இல்லை, பேஸ் மட்டும் காணோம் என்றால் வேறு கதை. ஃபோன் ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸ் சப் பேஸைத் தர முடியாது, அதன் அளவுக்கு அது இயலாத காரியம். பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு) சேர்த்தால் 100, 150, 200, 250 ஹெர்ட்ஸ் என்று மேல் ஓசைகள் பிறக்கும். அவற்றைக் கேட்டு மூளை அடி ஓசையைத் தானே நிரப்பிக்கொள்ளும். சப்பின் வால்யூமை ஏற்றுவதால் பயன் இல்லை, மீட்டர்தான் சிவக்கும்.

“ட்ரோன் வாசிக்கும்போது சவுண்ட் தானா கரைஞ்சு போயிடுது”

நம் இசைக்கே உரிய கோளாறு இது. சினிமாப் பாட்டு ஸ்ட்ரீம் செய்கிறவர்களுக்கு அவ்வளவாக வராது.

பேச்சுக்காகச் செய்யப்பட்ட மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இரைச்சல் நீக்கும் வடிகட்டி இருக்கிறது. மாறாமல் தொடர்ந்து வரும் ஓசையை ஃபேன் சத்தம், ஏசி சத்தம் என்று எடுத்துக்கொண்டு அது அழிக்கும். தொடர்ந்து மாறும் ஓசையைப் பேச்சு என்று விட்டுவைக்கும். 2020 ஊரடங்கில் இணைய வழியில் பாட்டு வகுப்பு எடுத்தவர்களைக் கேளுங்கள். தம்புரா தொடங்கிய சில நொடியில் காணாமல் போனதைச் சொல்வார்கள். ட்ரோன், நாய்ஸ், கள ஒலிப்பதிவு எல்லாம் இந்த வடிகட்டியின் கண்ணில் குப்பை. எண்ணூர்க் கடற்கரையில் பதிவு செய்த அலையோசையை முழுசாகத் துடைத்துப்போட்டுவிடும்.

எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். ஓபிஎஸ்ஸில் ஒலிமூலத்தின் ஃபில்டர்ஸ் பட்டியலில் நாய்ஸ் சப்ரஷன், நாய்ஸ் கேட் இரண்டும் இருக்கக் கூடாது. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் அந்த இன்புட்டுக்கு உள்ள ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் அணைந்திருக்க வேண்டும். ஜூம் வழியாக அனுப்பினால் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ ஆன், அதற்குள் ஹை ஃபிடெலிட்டியும் ஸ்டீரியோவும் ஆன். டிஸ்கார்டில் க்ரிஸ்ப் (அதன் இரைச்சல் நீக்கி), எக்கோ கேன்சலேஷன், ஆட்டோமேட்டிக் கெயின் கன்ட்ரோல் மூன்றும் ஆஃப். கெயின் கன்ட்ரோலைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நீங்கள் அமைதியாக வாசிக்கும் இடத்தைத் தூக்கி, உச்சத்தை அமுக்கி, பத்து நிமிடம் கட்டிய ஏற்றத்தைத் தட்டையாக்கிவிடும்.

இசை கரையாமல் ஒரே அடியாகப் பாதிக்குக் கீழே விழுந்து, பிறகு திரும்பி வருகிறதா? விண்டோஸின் பழைய சவுண்ட் பேனலில் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு தாவல் உண்டு. கணினியில் ஏதாவது அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80% குறைக்கும் தேர்வுதான் அங்கே வழக்கமாக இருக்கும். ‘டூ நத்திங்’ என்று மாற்றிவிடுங்கள்.

ஒலி மறையவில்லை, ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் சுழல்கிறது என்றால் பிட்ரேட் (ஒரு வினாடிக்கு அனுப்பும் தரவின் அளவு) போதவில்லை. ஒழுங்கான ஸ்வரத்தைச் சுருக்குவது கோடெக்குக்கு (ஒலியைச் சுருக்கும் முறைக்கு) எளிது. இரைச்சலைச் சுருக்குவது கடினம், ஏனென்றால் அதில் திரும்ப வருவது எதுவும் இல்லை. பேச்சுக்குத் தாராளமான 96 கிலோபிட் ஏஏசி, நாய்ஸ் இசையை நாசமாக்கும். 192க்குக் கீழே போகாதீர்கள். டிஸ்கார்டு சேனல்களில் தொடக்க அளவு 64 கிலோபிட்தான், சேனல் செட்டிங்கில் ஏற்றியாக வேண்டும்.

“ங்ங்ங்னு பின்னால ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு”

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசிக்கிறவர்களுக்கு மிகத் தெரிந்த ஓசை. இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே மாதிரி கேட்கிற ஓசைக்குக் காரணங்கள் வேறு வேறு.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். ஓசை நின்றுவிட்டால் அது எர்த் சம்பந்தப்பட்டது. லேப்டாப், மிக்ஸர், சின்த் மூன்றும் வெவ்வேறு சாக்கெட்டில் இருந்தால் அவற்றின் எர்த்துக்கு இடையே சின்ன மின்னழுத்த வித்தியாசம் உண்டாகி, அந்த மின்னோட்டம் ஆடியோ கேபிளின் வெளிக்கவசத்தில் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த உறுமலும் 50, 100, 150 ஹெர்ட்ஸில் கேட்கும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து ஓட்டிப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும். போதாவிட்டால் மிக்ஸருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் அல்லது டிஐ பாக்ஸ் போடுங்கள். ஒலி காந்தப்புலம் வழியாகத் தாண்டும், எர்த் மின்னோட்டம் தாண்டாது.

மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை வெட்டியோ டேப் சுற்றியோ உறுமலை நிறுத்துகிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். உறுமல் நிற்கும், ஆனால் கருவியின் உள்ளே ஏதாவது கோளாறு வந்தால் மின்சாரம் உங்கள் கை வழியாகத்தான் தரைக்குப் போகும். வியர்த்த கையோடு, ஈரமான சிமென்ட் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து வாசிக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

லேப்டாப்பின் உலோக உடலில் கை வைத்தால் சுருசுருவென்று இருக்கிறதா? சுவரில் மூன்று துளை இருந்தும் எர்த் கம்பி உள்ளே இணைக்கப்படவே இல்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். அடாப்டருக்குள் உள்ள இரைச்சல் தடுப்புக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு மின்சாரத்துக்குப் போக இடம் இல்லாமல் உடலில் தேங்குகிறது. பல குடித்தனங்கள் உள்ள பழைய கட்டடங்களில் இது சகஜம். வீட்டுக்காரரிடம் பேசி எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரிபாருங்கள். தண்ணீர்க் குழாயில் கம்பி கட்டுவது எர்த் ஆகாது. அதுவரை லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி வாசியுங்கள். 20 நிமிட ஸ்லாட்டுக்கு (ஒருவருக்கு ஒதுக்கும் நேரத்துக்கு) பேட்டரி தாராளம்.

சார்ஜரைக் கழற்றியும் ஓசை நிற்கவில்லையென்றால் இன்வெர்டரில் ஓடுகிறீர்களா என்று பாருங்கள். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்டர் கரகரப்பான ரீங்காரம் தரும். சைன் வேவ் இன்வெர்டரில் அது இருக்காது. உறுமலாக இல்லாமல் மௌஸை நகர்த்தும்போதெல்லாம் ‘கீ’ என்று மேல் ஸ்தாயியில் ஓசை வந்தால் அது யூஎஸ்பி வழியாக வரும் கணினியின் உள்சத்தம். இன்டர்ஃபேஸை வேறு போர்ட்டில், அல்லது தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பில் போட்டுப் பாருங்கள்.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று ஜாக்கையும் பொட்டன்ஷியோமீட்டரையும் தின்கிறது. குமிழைத் திருகினால் கரகர, கேபிளை லேசாகத் தொட்டால் ஒரு பக்கம் போகிறது என்றால் எர்த்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பலமுறை சொருகி எடுங்கள், குமிழை இரு முனைக்கும் ஓட்டுங்கள். வாசிக்காத நாளில் கருவிகளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

“பட் பட்னு வெடிக்குது” / “பாட்டு வேகமா ஓடுது”

இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் சாம்பிள் ரேட் (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளப்பது என்ற எண்) காரணமாக இருக்கலாம். இசை மென்பொருள் 44.1 கிலோஹெர்ட்ஸில், இன்டர்ஃபேஸ் 44.1இல், ஓபிஎஸ் 48இல் என்று கலந்து கிடந்தால், நல்லவேளையானால் ஏதோ ஒரு கணுவில் சரியாக மாற்றப்படும், கெட்டவேளையானால் வெடிக்கும். 44.1இல் உருவான ஒலியை 48 என்று நினைத்து ஓட்டினால் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) ஏறக்குறைய 130.6 ஆகும், சுருதியும் ஒன்றரை அரைஸ்வரம் ஏறும். எல்லாவற்றையும் 48க்கு மாற்றுங்கள். மேக்கில் சூப்பர்கொலைடர் பூட் ஆகாமல் சாம்பிள் ரேட் பொருந்தவில்லை என்று சொன்னால், மைக்கும் ஸ்பீக்கரும் வெவ்வேறு ரேட்டில் இருக்கின்றன. ஆடியோ மிடி செட்டப்பில் இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

ரேட் சரியாக இருந்தும் வெடித்தால் பஃபர் (ஒலித் துண்டுகள் காத்திருக்கும் இடம்) சிறிது. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்பது 5.3 மில்லிவினாடி; அதற்குள் கணினி அடுத்த துண்டைத் தயார் செய்யாவிட்டால் இடைவெளி விழுந்து வெடிக்கும். லைவ் கோடிங்கில் விரலுக்கும் ஒலிக்கும் உடனடி ஒட்டுறவு தேவையில்லை, 1024 வைத்தாலும் 21 மில்லிவினாடிதான், யாருக்கும் தெரியாது. டைடல்சைக்கிள்ஸ் என்ற லைவ் கோடிங் மென்பொருளை ஓட்டும்போது சூப்பர்கொலைடர் திரையில் ‘லேட்’ என்று வரிசையாக விழுந்தால், கட்டளை வந்து சேரும் முன்பே அது ஒலிக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது. ஸ்டார்ட்டப் கோப்பில் சர்வர் லேட்டன்சியை 0.3 வினாடியாக வையுங்கள். அதற்கு மேலும் வந்தால் ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்கள் கணினிக்குத் தாங்கவில்லை, ரிவெர்பைக் குறையுங்கள்.

“படம் நின்னு நின்னு வருது, கடைசில சவுண்டும் போச்சு”

ஓபிஎஸ்ஸின் வியூ மெனுவில் ஸ்டாட்ஸைத் திறந்து வையுங்கள். அங்கே மூன்று எண்ணிக்கைகள் தனித்தனியாக ஏறும். மூன்றும் மூன்று வியாதி.

ரெண்டரிங் லேக் ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டு திணறுகிறது. ஹைட்ரா (கோட் எழுதிப் படம் உண்டாக்கும் மென்பொருள்) போன்ற விஷுவல் ஒரு பக்கம், ஓபிஎஸ் ஒரு பக்கம். விஷுவலின் அளவைக் குறையுங்கள், 60 ஃபிரேமை 30 ஆக்குங்கள்.

என்கோடிங் லேக் ஏறினால் பிராசஸர் திணறுகிறது. ஹார்டுவேர் என்கோடர் இருந்தால் அதற்கு மாறுங்கள். எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடர் என்றால் ப்ரீசெட்டை இன்னும் வேகமானதாக்குங்கள். கோடையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மே மாதம் வெளியே 40 டிகிரி போகிற ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் லேப்டாப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒத்திகையில் நன்றாக ஓடியது இருபதாவது நிமிடத்தில் தடுமாறினால் காரணம் சூடு. அடியில் இரண்டு கட்டை வைத்துத் தூக்கி டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்புங்கள். மைக் இல்லாததால் ஃபேன் சத்தம் யாருக்கும் கேட்காது.

டிராப்டு ஃபிரேம்ஸ் ஏறினால் இணையம். ஆர்டிஎம்பி என்கிற பழைய முறையில்தான் பெரும்பாலும் அனுப்புகிறோம். அது டிசிபி மேல் ஓடுவது. ஒரு பொட்டலம் தொலைந்தால் அது திரும்ப வந்து சேரும்வரை பின்னால் உள்ள எல்லாம் காத்திருக்கும். வரிசை நீண்டால் ஓபிஎஸ் முதலில் வீடியோ ஃபிரேம்களைக் கைவிடும், ஆடியோவைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் படம் முதலில் போய், ரொம்ப மோசமானால் சவுண்டும் போகிறது.

மருந்து, பிட்ரேட்டைக் குறைப்பது. 720பி, 30 ஃபிரேம், 2500 கிலோபிட் வீடியோ, 192 கிலோபிட் ஆடியோ, கீஃபிரேம் 2 வினாடி: நம் தேவைக்கு இது போதும். அதற்கு அப்லோடு வேகம் 5 மெகாபிட் நிலையாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கும் 100 மெகாபிட் டவுன்லோடு. நீங்கள் சோதிக்க வேண்டியது அப்லோடு, அதுவும் கச்சேரி நடக்கப்போகும் அதே நேரத்தில். இரவு எட்டு மணிக்குத் தெரு முழுக்கப் படம் பார்க்கும்போது இருக்கும் வேகம் காலை பத்து மணிக்கு இருந்த வேகம் அல்ல. வைஃபையை விட்டு லேன் கேபிள் போடுங்கள். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் நம் தெருக்களில் ஒரே சேனலில் பத்து ரவுட்டர் அடித்துக்கொள்கின்றன. ஓபிஎஸ்ஸின் அட்வான்ஸ்டு பக்கத்தில் நெரிசலுக்கு ஏற்ப பிட்ரேட்டைத் தானே மாற்றும் தேர்வு இருக்கிறது, அதையும் போட்டு வையுங்கள். நிகழ்ச்சி நடத்துபவர்கள் எஸ்ஆர்டி என்ற இன்னொரு அனுப்பும் முறையை ஏற்கிறார்கள் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். அது யூடிபி மேல் ஓடும், தொலைந்ததை மட்டும் குறித்த நேரத்துக்குள் திரும்பக் கேட்கும், நேரம் கடந்ததை விட்டுவிட்டு முன்னே போகும்.

கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதை முன்பே நடத்திப் பாருங்கள். லேப்டாப் பேட்டரியில் நிற்கும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சின்ன டிசி யூபிஎஸ் போட்டிருந்தால் அவையும் நிற்கும். ஆனால் தெருமுனையில் கேபிள்காரரின் பெட்டிக்கு பேக்கப் இல்லையென்றால் இணையம் போய்விடும். ஆகவே ஃபோன் ஹாட்ஸ்பாட் இரண்டாவது வழியாகத் தயாராக இருக்கட்டும். மேலே சொன்ன அளவில் ஒரு மணி நேரத்துக்கு 1.2 ஜிபி போகும். 20 நிமிடத்துக்கு 400 எம்பி. தினசரி டேட்டாவில் மிச்சம் இருக்கிறதா என்று மாலையிலேயே பாருங்கள்.

எதுவுமே தாங்கவில்லை என்றால் படத்தைக் கைவிடுங்கள். ஐஸ்காஸ்ட் என்ற ஒலி ஸ்ட்ரீமிங் சர்வருக்கு பட் என்ற சின்ன மென்பொருள் வழியாக 192 கிலோபிட் ஆடியோ மட்டும் அனுப்பினால் மணிக்கு 87 எம்பிக்குள் முடியும், சுமாரான 4ஜி சிக்னலே போதும். ஐஸ்காஸ்ட்டை வீட்டுக் கணினியில் வைக்காதீர்கள். நம் இணைப்புகள் பலவற்றில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன, வெளியிலிருந்து யாராலும் உள்ளே வர முடியாது. ரவுட்டரில் போர்ட் திறந்தாலும் பலன் இல்லை. வெளியே வாடகை சர்வரில் வைத்து அதற்கு அனுப்புங்கள்.

“கோட் படிக்க முடியலியே”

2004இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய டாப்லேப் என்ற லைவ் கோடிங் அமைப்பின் காலத்திலிருந்தே லைவ் கோடிங்கில் திரையைக் காட்டுவது மரபு. காட்டினால் படிக்கவும் முடிய வேண்டும். எழுத்துக்குப் பின்னால் ஹைட்ராவில் மினுமினுக்கும் இரைச்சல் ஓடினால் 2500 கிலோபிட்டும் அதற்கே போய் எழுத்து கட்டம் கட்டமாக உடையும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், அதன் அடியில் கறுப்புப் பட்டை வையுங்கள், பின்னணியை மெதுவாக நகர விடுங்கள்.

“கை முன்னாடி போகுது, சவுண்ட் பின்னாடி வருது”

கேமராவின் முன் ஒரு கைதட்டு, அதைப் பதிவில் பார்த்து வித்தியாசத்தை அளந்து, அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் சிங்க் ஆஃப்செட்டில் மில்லிவினாடியாகப் போடுங்கள். ஒலி முந்தினால் நேர் எண், பிந்தினால் கழித்தல் எண். இந்தச் சோதனைக்கு மட்டும் மைக்கை ஆன் செய்தால் போதாது. மைக்கின் தாமதம் வேறு, இன்டர்ஃபேஸின் தாமதம் வேறு. இன்டர்ஃபேஸில் மைக்கைச் செருகித் தட்டுங்கள்.

“எங்க ஸ்லாட்ல வேற யாரோ வாசிக்கிறாங்க”

உலகம் முழுக்க ஆள் மாற்றி ஆள் வாசிக்கும் 24 மணி நேர, மூன்று நாள் ஸ்ட்ரீம்களில் 20 நிமிடம்தான் ஓர் ஆளுக்கு. நேரம் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும். நமக்கு அதோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும்: 14:00 என்றால் இரவு 7:30. யூடிசி 18:30ஐத் தாண்டினால் நமக்குத் தேதியே மாறிவிடும். சனிக்கிழமை 20:30 என்று போட்டிருந்தால் அது நமக்கு ஞாயிறு அதிகாலை 2 மணி. ஞாயிறு என்றதும் ஞாயிறு இரவு வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நடத்துபவர் லண்டன் நேரம் என்று சொன்னால் இன்னும் கவனம். அங்கே மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை முன்னே நகர்த்துவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே. பிற்பகல் 3 மணி என்பது பிப்ரவரியில் நமக்கு இரவு 8:30, மே மாதத்தில் 7:30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே மாற்றிவிடும். மார்ச் சம இரவு நாளை ஒட்டி நடக்கும் ஸ்ட்ரீம்கள் சரியாக இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. யூடிசியில் எழுதிக் கொடுக்கும்படி கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

ஸ்ட்ரீம் கீயும் (சர்வருக்கு அனுப்ப அனுமதிக்கும் ரகசியச் சொல்) பலருக்கு ஒன்றே இருக்கலாம். முந்தையவர் முடிக்கும் முன் நீங்கள் இணைந்தால் உங்கள் இணைப்பு மறுக்கப்படும், அல்லது அவர் வெளியே தள்ளப்படுவார். இரண்டாவது நடந்தால் ஒருவர் ஆசையாக வாசித்த கடைசி நிமிடத்தை நாம் வெட்டியதாகிறது. அவர் நிறுத்தியதைக் கண்ணால் பார்த்துவிட்டு இணையுங்கள். நீங்கள் பார்க்கும் படம் 10 முதல் 30 வினாடி பழையது என்பதால், பார்ப்பவர் பக்கத்தை நம்பாமல் ஒருங்கிணைப்பாளர் சாட்டில் சொல்லும்வரை பொறுங்கள்.

“ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சா தாளம் சேரல”

இது செட்டிங்கில் தீராது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து லண்டன் நேர்க்கோட்டிலேயே 8000 கிலோமீட்டருக்கு மேல். போக 40 மில்லிவினாடி, வர 40, கேபிள் சுற்றிப் போகும் தூரமும் வழியில் உள்ள கருவிகளும் சேர்ந்து நிஜத்தில் அதைவிட ரொம்பக் கூடும். பெரம்பூரும் திருவொற்றியூரும் என்றால் ஜாமுலஸ் போன்ற மென்பொருளில், லேன் கேபிளில், சேர்ந்து வாசிக்க முடியும். கடல் தாண்டினால் இரண்டு வழி. நின்ஜாம், தாமதத்தையே ஒரு சுற்று அளவுக்கு நீட்டி, மற்றவர் முந்தைய சுற்றில் வாசித்ததை உங்களுக்குக் கேட்க வைக்கும். மெதுவாக மாறும் இசைக்கு அழகாகப் பொருந்தும். லைவ் கோடிங் என்றால் ஃப்ளாக் போல எழுத்தை மட்டும் பகிரும் எடிட்டர் போதும்: ஒலி பயணம் செய்வதில்லை, கோட் பயணம் செய்கிறது, அவரவர் கணினி அவரவர் வீட்டில் ஒலிக்கிறது. உலகத்துக்கு அனுப்புவது ஒருவர் மட்டும்.

“நடுவுல காப்பிரைட்னு சொல்லி நிறுத்திட்டாங்க”

யூடியூப் லைவையும் ஓடும்போதே ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேறொருவர் பதிவிலிருந்து வெட்டிய சாம்பிள் நீளமாக, மாறாமல் ஓடினால் முதலில் எச்சரிக்கை வரும், பிறகு உங்கள் படத்துக்குப் பதில் அசையாத படம் ஒன்று வரும், அதற்கும் நிற்காவிட்டால் ஸ்ட்ரீம் நிற்கும். எச்சரிக்கை யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் வரும் என்பதால் கூட ஒருவரை அந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்ததும் அந்த சாம்பிளை நிறுத்தினால் தப்பிக்கலாம். சாவுக்கும் கல்யாணத்துக்கும் நம் தெருவில் அடிக்கிற மேளத்தையோ கானா பாடுகிற அண்ணனின் குரலையோ சாம்பிளாக எடுத்தால் மென்பொருள் ஒன்றும் சொல்லாது. அவர்களிடம் நீங்கள் நேரில் போய்க் கேட்டிருக்க வேண்டும், பெயரையும் திரையில் போட வேண்டும்.

உங்கள் சொந்த ஒலிக்கே தவறாக உரிமை கோரப்பட்டால் பதிவு வந்தபின் அதை எதிர்த்து முறையிடலாம். அப்போது ப்ராஜெக்ட் கோப்பும் கோட் கோப்பும் தேதியோடு கையில் இருக்கட்டும். முறையீடு முடியும்வரை கேட்பவர்களுக்கு வேறு இடத்தில் ஏற்றித் தர அந்த எம்கேவி பதிவு இருக்கிறது.